எடைமேடையில் மூன்றாம் இயல்

பிரெஞ்சு வகுப்பில் இடம் இல்லை.
வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப்
போர்த்துகீசியம் காலியாக இருந்தது.
அவ்வளவுதான் காரணம்.
உதவித்தொகை நேர்முகத்தில் மட்டும்
வேறொரு காரணம் சொன்னேன்,
அதில் கடல் இருந்தது.

முதல் நாள் ஆசிரியை சாவியைத் தூக்கிக் காட்டினார்.
பிறகு மேசை, சன்னல், அலமாரி.
மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள்.
நான் எங்கள் லயத்து வீட்டுக்குள் போய்
ஒவ்வொன்றாய்த் தொட்டுவிட்டு வந்தேன்.
பூட்டு மட்டும் நம்முடையது.

லிஸ்பனில் இரண்டு குளிர்காலம்.
மூக்கால் சொல்லும் உயிரெழுத்துகளை
மூக்கு ஒழுக ஒழுகக் கற்றேன்.
பிறகு கம்பினாஸ், நாற்காலி உடைந்த திரைக்கூடம்.
தவனேஸ்வரியை நெறியாளர் 'தாவா' என்று சுருக்கினார்.
சுருக்கட்டும்.
நான்காம் ஆண்டில் உதவித்தொகையும் சுருங்கி
இல்லாமல் போனது.

இப்போது
பகாவுக்கு வெளியே செம்பனை ஆலையில்
இரவு எடைமேடை எழுத்தர்.
குலையோடு ஏறும் லாரியின் எடை,
கொட்டிவிட்டு வரும் லாரியின் எடை,
கழித்தால் மிஞ்சுவதுதான் கணக்கு.
வெள்ளைச் சீட்டு ஆலைக்கு,
இளஞ்சிவப்பு லாரிக்கு,
மஞ்சள் யாருக்கென்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.
அதன் முதுகில்தான் வளர்கிறது
மூன்றாம் இயல்.

தலைப்பு: பேசாத காட்சிகள்.
நாவலில் பேச்சை நிறுத்துவது எளிது,
ஒரு வரியை வெறுமையாய் விட்டால் போதும்.
படத்தில் கைக்கு வேலை வேண்டும்.
ஒன்பது நிமிடம் ஒரு விதவை வலை உலர்த்துகிறாள்.
நாற்பது முறை பார்த்திருக்கிறேன்.
எட்டாம் நிமிடத்தில், சட்டகத்துக்கு வெளியே,
தெருவில் ஏதோ ஊர்வலம் போகும்,
கிழவிகளின் குரல் மட்டும் கேட்கும்.
'சூழல் ஒலி' என்று எழுதிவிட்டு
நகர்ந்துவிட்டேன்.

போன செவ்வாய், விடிகாலை இரண்டு நாற்பது.
நல்ல மழை.
லாரி மேடையில் நிற்கிறது, எண் நிற்கவில்லை,
ஏறுவதும் இறங்குவதுமாய் ஆடுகிறது.
சீட்டுக்குக் கைநீட்டிய லாரி உதவியாள்
நீட்டிய கையோடு அப்படியே நின்றார்.
மடிக்கணினியில் கிழவிகள்.
அவர்களுக்கு அரை மூச்சு முன்னால்
அவர் உதடு போனது.
அடுத்த வரி. அதற்கடுத்த வரி.
படம் வேறு காட்சிக்கு வெட்டிப் போனபின்னும்
அவர் நிறுத்தவில்லை.

பெர்னார்டுஸ் கொப்போங்.
புளோரஸ் தீவின் கிழக்கு முனை, லாரந்துக்கா.
பெரிய வெள்ளி இரவில்
அப்பா தோளில் உட்கார்ந்து சொல்லிப் பழகியதாம்.
பொருள் தெரியுமா என்றேன்.
மலாயில் சிரித்தார்: "சாமிக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும்.
ஆனால் அவர் ஓர் உயிரெழுத்தை
என் அகராதி எதிலும் இல்லாத இடத்தில் வைத்தார்.
பிழை என்று முதலில் எழுந்தது
எனக்குள் இருக்கும் சிவப்புப் பேனா.
வெட்கம் அப்புறம்தான் வந்தது,
ஓட்டுநர் ஹாரன் அடித்தபோது.
எண் நின்றது. இருபத்திரண்டு டன் சொச்சம்.
இளஞ்சிவப்புச் சீட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
நனைந்துகொண்டே ஏறினார்.

'சூழல் ஒலி'யை அடித்தேன்.
கீழே ஒரு குறிப்பு எழுதினேன், முக்கால் பக்கம்.
நெறியாளர் ஓரத்தில் கேட்டார்:
ஆதாரம்? நூல், பக்கம்?

எழுதினேன்:
பகாவ், இரண்டாம் எடைமேடை,
மஞ்சள் சீட்டு 04417, மழை.

இரண்டு நாள் கழித்துப் பதில்:
சீட்டு இருக்கட்டும், தாவா.
மழை எதற்கு?

மழை இல்லையென்றால்
எண் உடனே நின்றிருக்கும்,
எட்டாம் நிமிடம் வருவதற்குள்
லாரி போயிருக்கும்.
இதைப் போர்த்துகீசியத்தில் எழுதப் பார்க்கிறேன்.
'நின்றிருக்கும்' என்பதிலேயே
முட்டிக்கொண்டு நிற்கிறது வாக்கியம்.
வெளியே அடுத்த லாரி
விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறது.